ரெண்டு வீட்டு எண்ணெய்

எண்ணெய் விஷயத்தில் குமுதவல்லிக்கு யாரும் பாடம் நடத்தக் கூடாது. செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, செம்பனைத் தோட்டத்திலேயே வாக்கப்பட்டு, இன்றைக்கும் மரத்தடியில் குனிந்து உதிரிப் பழம் பொறுக்கி மூட்டை கட்டுகிறவள் அவள். சாயங்காலம் வீடு திரும்பினால் விரல் இடுக்கெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் பிசுக்கு ஒட்டியிருக்கும். என்ன சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணை விட்டுப் போகாது. அப்படிப்பட்டவளிடம், "நாங்க பாம் ஆயில் தொடறதே இல்ல சம்மந்தி" என்று ஒருத்தி சொன்னால் அவளுக்கு எப்படி இருக்கும்? சுருக்கென்று இருந்தது.

சொன்னவள் லோகாம்பாள். பாரோயில் மாடி வீட்டுக்காரி. அவள் மகன் வசந்தனுக்குத்தான் குமுதவல்லியின் ஒரே மகள் புனிதாவைப் பேசி, பரிசம் போட்டு, தை மாதத்துக்கு மண்டபமும் சொல்லியாகிவிட்டது. லோகாம்பாள் கெட்டவள் இல்லை. புருஷனுக்கு ஒருமுறை நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததிலிருந்து பயந்துபோனவள். கைப்பேசியில் வருகிற டாக்டர்கள் எல்லார் பேச்சையும் கேட்டு, கடைசியில் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயே கதி என்று உட்கார்ந்துவிட்டாள். "சீர்ப் பலகாரம் மொத்தமும் அதுலயே சுட்டுருங்க சம்மந்தி. அவருக்குக் குடுக்கணும்ல" என்று குரல் பதிவு அனுப்பியிருந்தாள்.

கோலா பிலா டவுன் கடையில் எண்ணெய் அலமாரி முன்னால் தாயும் மகளும் நின்றார்கள், நின்றார்கள், நின்றுகொண்டே இருந்தார்கள். ஐயோ, அந்த அலமாரி! மஞ்சளில் ஒன்று, வெள்ளையில் ஒன்று, பூப்படம் போட்டது, இதயப்படம் போட்டது. அந்தக் காலத்தில் எண்ணெய் என்று கேட்டால் கடைக்காரன் எண்ணெய் கொடுத்தான்.

"சூரியகாந்தி வாங்கிருவோமா? ரெண்டு வீட்டுக்கும் பொதுவா இருக்கும்லா" என்றாள் புனிதா. சிரம்பானில் பல் கிளினிக்கில் வேலை பார்க்கிற பெண். யாருக்கும் மனம் கோணாமல் பேசிப் பழகியவள்.

"அதுல சுட்டா நாலு நாள்ல காறல் வாடை அடிக்கும்டி. சீர்த் தட்டுல வச்சு நாறச் சொல்றியா?"

"கடலை எண்ணெய்?"

"மாப்ள தங்கச்சி புள்ளைக்குக் கடல பட்டாலே உதடு வீங்குதுன்னு நீதானே சொன்ன?"

"அப்ப நல்லெண்ணெய்."

"நல்லெண்ணெயில எவடி முறுக்கு சுடுவா? இட்லிப் பொடிக்கு ஊத்திக்க, தலைக்குத் தேச்சுக்க. சட்டி நெறைய ஊத்திக் காய வச்சா வீடே கசந்துரும்."

"அத்த சொன்ன தேங்கா எண்ணெயே வாங்கிருங்கம்மா. எதுக்கு வம்பு?"

குமுதவல்லி சொன்ன காரணமெல்லாம் நிஜம்தான். முறுக்குக்கு செம்பனை எண்ணெய் மாதிரி வராது. சூடு தாங்கும், கருகாது, பலகாரம் மாதக் கணக்கில் மொறுமொறுவென்று நிற்கும். ஆனால் அதுவா விஷயம்? அவள் புருஷன் சன்னாசி செம்பனைக் குலை வெட்டுகிற வேலை பார்த்தவன். புனிதா ஆளான வருஷத்தில் ஒரு காலை, குலை வெட்ட அவன் தூக்கிய அலுமினியக் கம்பு மேலே போன மின்கம்பியில் பட்டுவிட்டது. மரத்தடியிலேயே போய்விட்டான். அந்த எண்ணெய் தீட்டு என்றால் அவன் உயிரை விட்டதும் தீட்டா? இந்த வீம்புதான் அவளுக்கு. வாயால் சொல்லத் தெரியாத வீம்பு.

செம்பனை எண்ணெயே வாங்கினாள். வீட்டுக்கு வந்ததும் பாக்கெட்டுகளை வெட்டி எவர்சில்வர் தூக்கில் ஊற்றினாள். எந்த எண்ணெய் என்று பார்த்தால் தெரியாது.

"ஏம்மா தூக்குல ஊத்துறீங்க?"

"பாக்கெட்டோட வச்சா அழகாவா இருக்கு?"

புனிதா அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள்.

இந்தத் தோட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. பெண் வீட்டில் சீர்ப் பலகாரத்துக்கு எண்ணெய்ச்சட்டி வைக்கிற அன்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்களும் வரவேண்டும். சட்டியில் பாதி பெண் வீட்டு எண்ணெய், பாதி மாப்பிள்ளை வீட்டு எண்ணெய். இரண்டும் கலந்த எண்ணெயில் முதல் முறுக்கு பொன்னிறமாக வந்துவிட்டால் இரண்டு குடும்பமும் ஒட்டிக்கொண்டது என்று குலவை போடுவார்கள். முன்பெல்லாம் இதில் ஒரு சிக்கலும் வந்ததில்லை. எப்படி வரும்? இரண்டு வீட்டுக்கும் ஒரே தோட்டக் கடை, கடையில் ஒரே எண்ணெய்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கேஸ் அடுப்பு வைத்து, அதன்மேல் கோலா பிலா குலாம் நானாவின் சாப்பாட்டுக் கடையிலிருந்து இரவல் வாங்கிய பெரிய குவாலிச் சட்டியை ஏற்றியிருந்தார்கள். லயத்தில் மிச்சமிருக்கிற தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம்தான். மற்ற வீடுகளில் இப்போது வங்காளதேசத்துப் பையன்கள் இருக்கிறார்கள். இருக்கிற பெண்களெல்லாம் வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு முத்தாயி சுமங்கலி என்பதால் அவள்தான் சட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து அடுப்பைப் பற்ற வைத்தாள்.

லோகாம்பாள் காடியில் வந்து இறங்கினாள். வசந்தன் ஓட்டிவந்தான். கூடவே லோகாம்பாளின் அக்கா பஞ்சாலை. அந்த அம்மாளும் ஒரு காலத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவள்தான். டவுனுக்குப் போய் வருஷமாகிவிட்டது, அதனால் லயத்து வாசலில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"எண்ணெய நான் ஊத்தறேன் குமுதா. நீ ஊத்த வேணாம்" என்றாள் முத்தாயி காதோடு. தாலி இழந்தவள் கை எதற்கு என்று அர்த்தம்.

அது லோகாம்பாள் காதில் விழுந்துவிட்டது. "ஐயே, இந்தக் காலத்துல என்ன இதெல்லாம்? பெத்த தாய் ஊத்தாம யாரு ஊத்துவா? நீங்களே ஊத்துங்க சம்மந்தி. நாங்க அதெல்லாம் பாக்கறதில்ல" என்றாள். குமுதவல்லிக்கு நெஞ்சு குளிர்ந்து போயிற்று. கண்ணில் தண்ணீர் முட்டியது. இவ்வளவு பெரிய மனசுக்காரியிடமா எண்ணெயை மறைத்தோம் என்று ஒரு கணம் வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் தூக்கை எடுத்து ஊற்றினாள். பக்கத்தில் நின்று லோகாம்பாள் தன் தேங்காய் எண்ணெயை ஊற்றினாள்.

எண்ணெய் காய்ந்தது. முத்தாயி மாவை ஒரு கிள்ளு கிள்ளிப் போட்டுப் பார்த்துவிட்டு, முறுக்குகளை ஒவ்வொன்றாக நழுவவிட்டாள். சரியாக அந்த நேரம் புனிதா தேநீர்த் தட்டோடு கொட்டகை வாசலுக்கு வந்தாள்.

முதலில் சட்டி ஓரத்தில் வெள்ளையாக நுரை கட்டியது. முறுக்கு சுடும்போது நுரைக்காதா என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. அது அடங்கவில்லை. பால் பொங்குகிற மாதிரி மேலே மேலே வந்தது. "அடுப்பக் கொறைங்கடி!" என்று முத்தாயி கத்தி முடிப்பதற்குள் விளிம்பைத் தாண்டி நெருப்பில் வழிந்தது. குப்பென்று ஒரு தீ! கூரைத் தகரம் வரை போயிற்று. பெண்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். குமுதவல்லி பாய்ந்து கேஸை அடைத்தாள், ஈரச் சாக்கை இழுத்து மேலே போட்டாள். தீ அணைந்தது. கீழே வழிந்த எண்ணெய் பஞ்சாலையின் கால் விரலைச் சுட்டுவிட்டது.

"ஐயோ, என் காலு!" என்று பஞ்சாலை உட்கார்ந்துவிட்டாள். வலி கொஞ்சம் அடங்கியதும் தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தாள். தட்டைப் பிடித்தபடி புனிதா நின்றாள்.

"இவ எட்டிப் பாத்தா, சட்டி பொங்கிருச்சு. பாத்தியா லோகா? நான் அன்னைக்கே சொன்னேன். ஆளான வருஷத்துலயே அப்பன முழுங்கினவ. இப்ப நம்ம வீட்டுக்கு வரப்போறா."

லோகாம்பாள் ஏதாவது சொல்லுவாள் என்று குமுதவல்லி பார்த்தாள். லோகாம்பாள் கருகிக் கிடந்த சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறவர்களின் பயம் இருந்தது. "அக்காவுக்குக் கால் காந்துது. நாங்க கெளம்பறோம் சம்மந்தி" என்று மட்டும் சொன்னாள். வசந்தன் புனிதாவிடம், "ஒண்ணுமில்லலா, நான் கூப்புடுறேன்" என்று சொல்லிவிட்டுக் காடியை எடுத்தான்.

அவன் கைப்பேசியில் கூப்பிட்டான்தான். கூப்பிட்டு, "அம்மா கொஞ்சம் அப்செட். எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்ல, உனக்கே தெரியும். ஆனா அம்மா ஜாதகத்த இன்னொரு தடவ பாக்கணும்னு சொல்றாங்க. கொஞ்சம் தள்ளி வைக்கலாம்னு" என்று இழுத்தான். புனிதா, "சரி" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டாள். சோறு போட்டு வைத்தால் அப்படியே இருந்தது. லயத்தில் யாரும் முகத்துக்கு நேரே பேசவில்லை. குமுதவல்லி குழாயடிக்குப் போனால் மட்டும் பேச்சு நின்றுபோனது. கல்யாணம் நின்றால்கூடப் போகிறது, வேறு பார்க்கலாம். ராசியில்லாதவள் என்று பேர் விழுந்துவிட்டால் அந்தப் பெண்ணை எவன் கட்டுவான்?

குவாலியைத் திருப்பிக் கொடுக்கவேண்டுமே. மணல் போட்டுத் தேய்த்தும் வெளிப்பக்கக் கரி போகவில்லை. அதை அப்படியே தூக்கிக்கொண்டு கோலா பிலாவுக்குப் போனாள். குலாம் முகம்மது கல்லாவை விட்டு எழுந்து வந்து சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி இது? தீ வச்சு வெளையாண்டீங்களா?"

"பொங்கிருச்சு நானா." அதற்குமேல் அவளால் முடியவில்லை. கடை என்றுகூடப் பார்க்காமல் முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் பதறிப்போய் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்து, தேநீர் வரவழைத்தார். அவள் விக்கி விக்கி நடந்ததைச் சொன்னாள்.

"நில்லுங்க. அவங்க ஊத்துனது தேங்கா எண்ணெய். நீங்க?"

"நம்ம செம்பனைதான்."

"ரெண்டையும் ஒண்ணா ஊத்தினீங்களா?" குலாம் நெற்றியில் அடித்துக்கொண்டார். "பொங்காம என்ன செய்யும்? இந்தக் கடையிலயே ஒரு தடவ ஆயிருக்கு. புதுசா வந்தவன் மிச்சமிருக்கேன்னு ரெண்டையும் கலந்து வாழக்காயப் போட்டான். சட்டி நொரையா கக்கிருச்சு. தனித்தனியா ஊத்துனா ரெண்டும் சமத்து. ஈரமாவப் போட்டுப் பொரிக்கையில சேர்த்து ஊத்துனா ஆகாது. இதுல பொண்ணு எங்க வந்துச்சு?"

குமுதவல்லி தேநீரைக் குடிக்காமல் எழுந்தாள். பஸ்ஸில் வரும்போது அவளுக்குச் சிரிப்பாக வந்தது, அழுகையாகவும் வந்தது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மகளை எழுப்பி அடுப்படிக்கு இழுத்து வந்தாள். சின்னச் சட்டியில் செம்பனை எண்ணெய் ஊற்றி ஒரு முறுக்கைப் போட்டாள். சமத்தாக வெந்தது. இன்னொன்றில் தேங்காய் எண்ணெய். அதுவும் சமத்து. மூன்றாவதில் இரண்டையும் கலந்து ஊற்றிப் போட்டாள். நுரை விறுவிறுவென்று ஏறியது. அடுப்பை அணைத்துவிட்டு மகள் முகத்தைப் பார்த்தாள்.

"பாத்தியாடி? ஒன் ராசியுமில்ல, ஒரு மண்ணுமில்ல."

புனிதா நுரை அடங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சட்டென்று அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை புனிதா வேலைக்குப் போனதும் குமுதவல்லி ஒரு பையில் சின்னச் சட்டி, தூக்கு, முறுக்கு அச்சு, டப்பாவில் பிசைந்த மாவு எல்லாம் எடுத்துக்கொண்டு சிரம்பான் பஸ்ஸில் ஏறினாள். வழியெல்லாம் ஒரே யோசனை. செய்து காட்டினால் தான் ஏமாற்றியதும் வெளியே வரும். வரட்டும், போகட்டும். மகள் பேர் மீண்டால் போதும். பாரோயில் இறங்கி நடந்தாள்.

லோகாம்பாள் வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். பஞ்சாலை காலில் கட்டோடு சோபாவில் சாய்ந்திருந்தாள். குமுதவல்லி வந்த காரியத்தைச் சொல்லி, அவர்கள் அடுப்படியிலேயே செய்து காட்டினாள். முதலில் தனித்தனியாக. பிறகு சேர்த்து. சட்டி பொங்கியது.

"கரெக்ட்தாம்மா. கெமிக்கல் ரியாக்‌ஷன் மாதிரி ஏதோ. ரெண்டும் வேற வேற எண்ணெய்ல" என்றான் வசந்தன். அந்த நேரத்தில் அந்தப் பையனைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது குமுதவல்லிக்கு.

லோகாம்பாள் சட்டியைப் பார்க்கவில்லை. தூக்கைப் பார்த்தாள். "அப்ப நான் சொன்ன எண்ணெய ஊத்தலயா நீங்க? வீட்டுக்காரருக்குக் குடுக்கணும்னு அவ்வளவு தூரம் சொன்னேனே சம்மந்தி. மறைச்சில்ல ஊத்திருக்கீங்க?"

"தப்புத்தான் சம்மந்தி. என்னை என்ன வேணா சொல்லுங்க. மன்னிச்சிருங்க. பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க."

"எண்ணெயாவது வெண்ணெயாவது" என்றது சோபாவிலிருந்து பஞ்சாலையின் குரல். "எங்க காலத்துல எத்தன கல்யாணத்துக்கு ரெண்டு வீட்டு எண்ணெயும் கலந்திருக்கோம்! எது பொங்குச்சு? ஊத்துனது யாரு, அதக் கேளு லோகா. தாலி அறுத்தவ கையி மொத மொத சட்டியில பட்டா வேற என்ன ஆகும்? நீதான் பெரிய இவளாட்டம், நாங்க அதெல்லாம் பாக்கறதில்லன்னு சொன்ன."

லோகாம்பாள் மெதுவாக, "நானும் அத நெனச்சேன்க்கா" என்றாள். நினைத்திருக்கமாட்டாள். அப்போதுதான் நினைத்தாள். ஆனால் அந்த வார்த்தை வாயில் வந்ததும் அவள் முகம் தெளிந்துவிட்டது. தூங்காமல் கிடந்தவளுக்குத் தூக்கம் கண்ணைச் சுற்றுகிற தெளிவு. அதைப் பார்த்ததும் குமுதவல்லிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்த அம்மாளின் பயத்துக்கு எண்ணெய் போதாது, ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் புனிதாவாக இருக்கலாம், அல்லது தானாக இருக்கலாம்.

"ஆமாக்கா" என்றாள் குமுதவல்லி. "என் கைதான். முத்தாயக்கா அப்பவே சொன்னாங்க. நான்தான் கேக்கல."

"அத்த, அது வந்து..." என்று ஆரம்பித்த வசந்தன், அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். பிறகு கைப்பேசியைத் தடவ ஆரம்பித்தான்.

எல்லாம் மளமளவென்று முடிந்தது. கல்யாணம் சொன்ன தேதியிலேயே நடக்கும். எண்ணெய்ச்சட்டி மறுபடி வைக்கவேண்டும். இந்தத் தடவை தேங்காய் எண்ணெய் மட்டும், ஊற்றுவது பஞ்சாலை. குமுதவல்லி கொட்டகைப் பக்கம் வரவே கூடாது. மாவையும் தொடக் கூடாது. மண்டபத்திலும் மணவறைக்குக் கிட்டே வராமல் ஒதுங்கியிருந்தால் நல்லது. "தப்பா நெனக்காதீங்க சம்மந்தி" என்று லோகாம்பாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நிஜமான பாசத்தோடுதான் பிடித்தாள், அதுதான் கொடுமை.

சாயங்காலம் புனிதா கேட்டாள், "என்னம்மா சொன்னாங்க?"

"புரிஞ்சிக்கிட்டாங்கடி. எல்லாம் எண்ணெயாலதான்னு." குமுதவல்லி துவைத்த துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். மகள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து, இதற்குத்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் அன்றிலிருந்து உதிரிப் பழம் பொறுக்கும்போது தன் கையைத் தானே பார்த்துக்கொள்வது அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை. மறுபடியும் குலாம் நானாவின் குவாலி. வெளியே அதே பெண்கள், அதே கொட்டகை. குமுதவல்லி அடுப்படி ஜன்னல் ஓரமாக முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். "தல சுத்துதுடி" என்று மகளிடம் சொல்லிவைத்திருந்தாள். புனிதா நம்பவில்லை. சோடா வாங்கி வரவா, பச்சைத் தண்ணி குடிக்கிறீங்களா என்று சுற்றிச் சுற்றி வந்தாள்.

தேங்காய் எண்ணெய் காயும் வாடை ஜன்னல் வழியாக வந்தது. மாவு விழும் சத்தம் சொய்யென்று கேட்டது. குமுதவல்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பொங்கக் கூடாது மாரியாத்தா, பொங்கக் கூடாது. பொங்கவில்லை. ஒரே எண்ணெய், எதற்குப் பொங்கும்? குலவைச் சத்தம் எழுந்தது.

அதற்கு மேலே பஞ்சாலையின் குரல் கணீரென்று வந்தது. "பாத்தீங்களாடி! கை மாறுச்சு, சட்டி அடங்கிருச்சு! அன்னைக்கி அந்தத் தாலி அறுத்தவ தொட்டதுக்குல்ல ஆத்தா கோவிச்சுக்கிட்டா. நல்ல வேள, அவளே பாரோய்க்கு வந்து, என் கைதான் ஆகாத கைன்னு ஒத்துக்கிட்டா. கல்யாணத்தன்னைக்கும் மணவறைப் பக்கம் வரமாட்டா."

"நான் அன்னைக்கே சொன்னேன்க்கா. குமுதா கேக்கல" என்றாள் முத்தாயி. இத்தனை வருஷமாக ஒன்றாக உட்கார்ந்து சோறு தின்ற முத்தாயி.

மூன்று சட்டியிலும் தானே ஊற்றிக் கண்ணால் பார்த்தவள் குமுதவல்லி. அவளே ஒரு கணம் மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள். ஒருவேளை இந்தக் கைதானோ? சன்னாசிக்கு அன்று காலையில் சோறு கட்டிக் கொடுத்ததும் இந்தக் கைதானே? அந்த நினைப்பு வந்ததும் அவள் பயந்துபோய்த் தலையைத் தூக்கினாள்.

புனிதா எதிரே நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள்.

"என்னம்மா சொல்றாங்க அவங்க? நீங்களா அப்படிச் சொன்னீங்க?"

"சத்தம் போடாதடி. முடிஞ்சிருச்சு. நீ நல்லா இருக்கணும்ல? எனக்கென்ன, ஒரு ஓரமா உக்காந்து பாத்துக்கறேன்."

"அவரு? அவரு அங்க இருந்தாரா? நொரையப் பாத்தாரா?"

குமுதவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுவே பதிலாகப் போயிற்று.

புனிதா அலமாரியைத் திறந்தாள். எவர்சில்வர் தூக்கு அங்கேயேதான் இருந்தது. அதைக் கையில் எடுத்தாள். "வேணாம்டி! புனிதா, வேணாம்! சொன்னாக் கேளுடி!" என்று குமுதவல்லி பின்னாலேயே ஓடினாள். கொட்டகை வாசலில் வந்ததும் தன்னை அறியாமல் நின்றுவிட்டாள். வரக் கூடாது என்று சொல்லியிருந்தார்களே.

மணப்பெண் எண்ணெய்ச்சட்டிக்குக் கிட்டே வந்ததைப் பார்த்துப் பெண்கள் குலவையை நிறுத்தினார்கள். புனிதா முதலில் குனிந்து கேஸை அடைத்தாள். "எல்லாம் தள்ளி நில்லுங்க" என்றாள். சட்டியில் முறுக்கு வெந்துகொண்டிருந்தது. தூக்கைச் சாய்த்துச் செம்பனை எண்ணெயை ஊற்றினாள்.

நுரை கட்டியது. ஏறியது. விளிம்பைத் தொட்டு, தாண்டி, அணைந்த அடுப்பின்மேல் சுற்றிலும் வழிந்தது. பஞ்சாலை கட்டுப்போட்ட காலையும் மறந்து துள்ளி ஓடினாள்.

"இப்ப யாரு கை, பெரியத்த?" என்றாள் புனிதா. "எங்கம்மா வாசல்லதான் நிக்கிறாங்க. ஊத்துனது நானு. அப்ப நானும் ஆகாதவளா?"

லோகாம்பாள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "ஐயோ, நல்ல காரியத்துல இந்தப் பொண்ணு என்ன பண்ணுது..." என்று முனகினாள். புனிதா அவள் பக்கம் திரும்பவில்லை. காடியில் சாய்ந்து நின்ற வசந்தனைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க. ஒங்க வீட்டு அடுப்படியிலயே பாத்தீங்கல்ல. எண்ணெயா, எங்கம்மா கையா? ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்."

வசந்தன் சட்டியைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். "இப்ப எதுக்கு புனிதா இதெல்லாம்... எல்லாம் செட்டில் ஆயிருச்சுலா" என்றான்.

புனிதா இன்னும் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தபடி நின்றாள். வேறு ஏதாவது சொல்வானோ என்று காத்திருந்தாள். குமுதவல்லியும் வாசலில் காத்திருந்தாள். சாமி, அவன் வாயில் ஒரு வார்த்தை கொடு என்று வேண்டிக்கொண்டாள். அவன் காடிச் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தான்.

நுரை அடங்கிவிட்டது. புனிதா தூக்கைக் கீழே வைத்துவிட்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

"உள்ள வாங்கம்மா. வந்து ஒரு கை பிடிங்க. இனி இதுல சீர்ப் பலகாரம் சுட வேண்டியதில்ல. ஆறுனதும் சட்டியக் கழுவி நானாகிட்டக் குடுத்துட்டு வருவோம்."

குமுதவல்லி கூட்டத்தைப் பார்த்தாள். யாரும் நகரவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. அழுதுகொண்டே கொட்டகைக்குள் வந்து, முந்தானையைச் சுற்றிச் சட்டியின் ஒரு காதைப் பிடித்தாள்.